பதினேழு வயதுப் பையனும் ஒரு மாநிலத்தின் பேச்சும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் வாடிக்கையான ஆட்டங்கள் 12தான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் தீர்ந்துவிடும். நன்றாக ஆடிய அணிகளுக்கு மட்டும் டிசம்பர், ஜனவரி என்று கொஞ்சம் நீளும். மற்ற மாதங்களில் மைதானம் பூட்டிக் கிடக்கும், பேச்சு மட்டும் ஓயாது. அலபாமாவின் முடிதிருத்தும் கடைகளிலும் நெப்ராஸ்காவின் சாப்பாட்டுக் கடைகளிலும் ஜார்ஜியாவின் தேவாலய வாசல்களிலும் வருஷம் முழுக்க அதே பேச்சுதான். அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிப் பையன் நம் அணிக்கு வருகிறான்? அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் யார் பெரிய ஆள்? கால்பந்து இல்லாத நாளில் நம் கூடைப்பந்துப் பெண்கள் எப்படி ஆடுகிறார்கள், பேஸ்பால் பையன்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள்?

வெளியாளுக்கு இது வெட்டிப் பேச்சாகத்தான் படும். ஆனால் இந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கும் ஒரு கேள்வி நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுபட்டது. ரசிகன் எதற்காக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறான்? ஆடுகிறவன் சம்பளம் வாங்காத மாணவன் என்பதற்காகவா? கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அப்படித்தான் சாதித்தது. ஆட்டக்காரனுக்குக் காசு கொடுத்தால் ரசிகன் எழுந்து போய்விடுவான் என்றது. ரசிகர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டிருந்தாலே அந்த வாதம் நிற்காது என்று புரிந்திருக்கும் என்பது என் கட்சி.

இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசத்தோடு ஒருவர்மேல் ஒருவர் மோதி முன்னேறும் ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றதை இதன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதே விதி. இன்றைய ஆட்டத்தைவிட அது நம்முடைய கால்பந்துக்குத்தான் கிட்டத்து உறவு.

அளவைச் சொன்னால்தான் பேச்சின் வேகம் புரியும். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஒரு லட்சம் இருக்கைக்கு மேல் உள்ள கல்லூரி மைதானங்கள் இன்னும் சில உண்டு. தொழில்முறை அணிகளின் என்.எஃப்.எல். மைதானம் எதுவும் வழக்கமான இருக்கைக் கணக்கில் அந்த அளவைத் தொடுவதில்லை. நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்து மைதானம் 1962 முதல் ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சாமல் நிறைந்துவருகிறது. அந்த மாநிலத்தில் என்.எஃப்.எல். அணி கிடையாது, அலபாமாவிலும் கிடையாது. ஊருக்கென்று இருக்கும் ஒரே பெரிய கொடி கல்லூரியின் கொடி. அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படித்திராத லாரி ஓட்டுநரும் அதைத் தன் அணி என்றே சொல்வார். படித்தவர்களைவிடச் சத்தமாகவும் சொல்வார்.

தொழில்முறை அணிக்கு ஆட்டக்காரர்கள் வரிசைமுறைத் தேர்வில் வருகிறார்கள்: போன வருஷம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. கல்லூரி அப்படிச் செய்ய முடியாது. பள்ளியில் ஆடும் பையனிடம் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும், அவன் முடியாது என்றும் சொல்லலாம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஒரு சிற்றூர் வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, பாட்டியிடம் பையனின் படிப்பைப் பற்றி உறுதி சொல்லிவிட்டு வருவார். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான், முடிவு சொல்வது மட்டும் பதினேழு வயதுப் பையன். மாநிலமே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1980இல் ஜார்ஜியாவின் ரைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஹெர்ஷல் வாக்கர் என்ற பையனுக்காக நாட்டின் பெரிய கல்லூரிகள் எல்லாம் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு அன்று அவர் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல் சீசனிலேயே ஜார்ஜியா தோல்வி காணாமல் தேசிய சாம்பியன் ஆனது. அந்த ஈஸ்டரில் தான் எங்கே இருந்தேன், யார் வந்து சொன்னார்கள் என்று விவரிக்கும் ஜார்ஜியாக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பையன் சொல்லும் ஒரு வார்த்தையால் ஊரின் கதி திரும்பும் என்ற நம்பிக்கைக்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கிறது.

அடுத்த ஆண்டே அதன் மறுபக்கமும் தெரியத் தொடங்கியது. மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா என்ற சிறு நகரம். 1964 ஜூனில் மூன்று சிவில் உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டது அதன் அருகில்தான். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பிறந்த கறுப்பினப் பையன் மார்கஸ் டுப்ரீ. 1981இல் அதே நகரத்தின் வெள்ளையர்களும் கறுப்பர்களும் பள்ளி மைதானத்தில் அருகருகே அமர்ந்து அவர் ஓடுவதைப் பார்த்தார்கள். எழுத்தாளர் வில்லி மாரிஸ் அங்கே வந்து தங்கி, டுப்ரீயைக் கல்லூரிகள் மொய்த்த கதையை ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். டுப்ரீ ஓக்லஹோமாவுக்குப் போனார். முதல் சீசன் முடிவில், 1983 ஜனவரியில் 'ஃபியஸ்டா போல்' என்ற ஆட்டத்தில், 17 முறை பந்தை ஏந்தி 239 கெஜம் ஓடினார். அதே ஆண்டு அக்டோபரில், பயிற்சியாளரோடு ஒத்துப்போகாமல் கல்லூரியை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு புதுத் தொழில்முறை லீகில் சேர்ந்து முழங்காலை முறித்துக்கொண்டார். ஓக்லஹோமா ரசிகர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றி, "அவர் மட்டும் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

ஆள்சேர்ப்புப் பேச்சுக்குள் தென்மாநிலங்களின் நிறவெறி வரலாறும் இருக்கிறது. ரசிகர்கள் அதைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் குரல் தாழும். டெக்சாஸின் போமான்ட் ஊர்க்காரரான பப்பா ஸ்மித்தை அறுபதுகளில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் எடுக்கவில்லை. கறுப்பர்களை எடுப்பதில்லை என்பது அன்றைய நடப்பு. வடக்கே மிச்சிகன் ஸ்டேட் அவரை அழைத்துக்கொண்டது. தெற்கிலிருந்து இப்படி வந்தவர்களைக் கொண்டே அது 1965லும் 1966லும் நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றாக நின்றது. லூயிசியானாவின் கிராம்ப்ளிங்கில் எட்டி ராபின்சன் கறுப்பர் கல்லூரி அணியை வைத்துக்கொண்டு 408 வெற்றிகள் சேர்த்தார். திறமை இருந்தது, வாசல்தான் அடைபட்டிருந்தது.

இதில் ரசிகர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1970 செப்டம்பரில் சதர்ன் கலிஃபோர்னியா அணி பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் 135 கெஜம் ஓடினார். அந்த ஒரே இரவில் அலபாமாவின் மனம் மாறியது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரைப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் அதற்கு முன்பே சேர்த்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது என்ற அன்றைய விதியால் ஜாக்சன் களத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஒரு தோல்வியால் மனம் திருந்தியதாகச் சொல்வது, வருஷக்கணக்காகக் கதவை அடைத்து வைத்திருந்ததைச் சொல்வதைவிட ரசிகர்களுக்கு எளிது.

பையன்களை நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பது பின்னால் வந்தது. எழுபதுகளின் இறுதியில் டாம் லெம்மிங் போன்றவர்கள் காரிலேயே நாட்டைச் சுற்றி, பள்ளிப் பையன்களைப் பார்த்து, பட்டியல் அச்சிட்டு விற்றார்கள். எண்பதுகளில் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் தொலைபேசி எண்களில் ஆள்சேர்ப்புச் செய்தி கேட்டார்கள் ரசிகர்கள். இன்று ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஆன்3 என்று அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு முப்பது சொச்சம் பேருக்கு ஐந்து நட்சத்திரம், சில நூறு பேருக்கு நான்கு. பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்து நாள். 2017 முதல் டிசம்பரிலும் ஒன்று. கையெழுத்திட்ட தாள் ஃபேக்ஸ் இயந்திரத்திலிருந்து வெளியே வருவதைப் பயிற்சியாளர்கள் சுற்றி நின்று பார்த்த காலம் உண்டு. மேஜைமேல் நாலைந்து கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, கேமரா முன் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்ளும் சடங்கும் வந்தது. 2021 டிசம்பரில் நாட்டின் முதல் நிலைப் பையன் டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குச் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு, டியான் சாண்டர்ஸ் பயிற்சியளித்த ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். ஃப்ளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஹன்டர் பின்னர் சாண்டர்ஸோடு கொலராடோவுக்குப் போய், 2024இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வாங்கினார்.

நட்சத்திரக் கணக்கு நம்பத்தக்கதா? மொத்தமாகப் பார்த்தால் நம்பத்தக்கதே. தேசியப் பட்டம் வென்ற அணிகளின் ஆள்சேர்ப்பில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள்தான் என்று பட் எலியட் என்ற பத்திரிகையாளர் காட்டிய விதி பல ஆண்டுகள் பிசகவில்லை. தனி ஆளுக்கு வந்தால் கணக்கு அடிக்கடி சறுக்கும். பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான ஜாஷ் ஆலனைக் கலிஃபோர்னியாவின் ஒரு விவசாய ஊரிலிருந்து பெரிய கல்லூரி எதுவும் அழைக்கவில்லை. பேக்கர் மேஃபீல்ட் உதவித்தொகை இல்லாமல் தானாகப் போய் அணியில் சேர்ந்தவர், 2017இல் ஹைஸ்மன் வாங்கினார். ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பட்டங்களை வாங்கித் தந்த ஸ்டெட்சன் பென்னட்டும் அப்படிச் சேர்ந்தவர்தான். ரசிகன் கணக்கையும் மனப்பாடம் செய்வான், கணக்கு பொய்த்த கதையையும் கொண்டாடுவான். இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு ஓடும்.

கடைசியில் அந்த விதியே உடைந்தது. தோல்விக்குப் பேர்போன இண்டியானா 2023இல் 3 ஆட்டம் வென்று 9 தோற்றது. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து, வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களைக் கூட்டி வந்தார். 2025 சீசனில் இண்டியானா 16-0 என்று தேசிய சாம்பியன். பந்து வீசியவர் ஃபெர்னாண்டோ மெண்டோசா: பள்ளியில் அதிகம் பேர் கண்டுகொள்ளாத பையன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வழியாக வந்தவர், அந்த ஆண்டின் ஹைஸ்மன் வீரர். பள்ளிப் பையனைத் தேடுவதைவிட, ஆடிக் காட்டிய இருபத்திரண்டு வயதுக்காரனை எடுப்பது லாபம் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

இதற்கு வழி திறந்தது 2018 அக்டோபரில் வந்த இடமாற்றப் பதிவேடு. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது அதன் புழக்கப் பெயர். 2021 முதல், மாறியவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதும் இல்லை என்றானது. அதே ஆண்டு ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்குதான் அது, ஆனால் சம்பளமின்மைதான் ஆட்டத்தின் உயிர் என்ற வாதம் அங்கே சாய்ந்தது. ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்று கதவு திறந்தது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் உடன்பாடு வந்தது: முதல் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியும் சுமார் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே தரலாம்.

ரசிகன் எழுந்து போனானா? போகவில்லை. சொல்லப்போனால் காசு என்பது அவனுக்குப் புதுச் செய்தியே அல்ல. டல்லாஸில் எஸ்.எம்.யூ. கல்லூரி ரகசியமாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது அம்பலமாகி, 1987 சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. தண்டனையைப் பற்றிப் பேசியவர்கள், பக்கத்துக் கல்லூரிகள் மட்டும் யோக்கியமா என்றுதான் கேட்டார்கள். பயிற்சியாளர் பணத்தில் புரள்வதை ரசிகன் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி தன் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்புவதற்கே சுமார் 7.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இவ்வளவையும் தாங்கிய பற்று பையனுக்குக் கொடுக்கும் காசால் அறுந்துவிடும் என்று வாதாடியதை என்னால் நேர்மையான வாதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பற்று ஆளின்மேல் அல்ல, சட்டையின்மேல் என்பதற்கு மற்ற விளையாட்டுகள் பற்றிய பேச்சே சாட்சி. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்காவின் கால்பந்து மைதானத்தில் பெண்கள் கைப்பந்து ஆட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் 92,003 பேர். அதே ஆண்டு அக்டோபரில் ஐயோவாவின் கால்பந்து மைதானத்தில் அந்தக் கல்லூரியின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய கூடைப்பந்து ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். 2024இல் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தை டிவியில் பார்த்தவர்கள் ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம். இந்தக் கூட்டத்தில் கணிசமானவர்கள் சனிக்கிழமைக் கால்பந்துக் கூட்டம்தான், சட்டையின் நிறத்தைப் பார்த்து வந்தவர்கள்.

பழைய பெரும்பெயர்களில் பலர் ஓர் ஆட்டத்தோடு நின்றவர்களும் அல்லர். ஆபர்ன் கல்லூரியின் போ ஜாக்சன் 1985இல் ஹைஸ்மன் வாங்கிவிட்டு பேஸ்பாலுக்குப் போனார், பிறகு இரண்டையும் ஆடினார். இரு விளையாட்டின் நட்சத்திர ஆட்டங்களுக்கும் தேர்வானவர் அவர் ஒருவரே. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சார்லி வார்ட் 1993இல் ஹைஸ்மன் வாங்கியும் என்.எஃப்.எல். அணி எதுவும் எடுக்காமல் கூடைப்பந்தில் நியூயார்க் நிக்ஸுக்கு ஆடினார். பின்னாளில் பேஸ்பாலால் புகழ்பெற்ற ஜாக்கி ராபின்சன் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வில் நான்கு விளையாட்டுகள் ஆடினார், அவற்றில் பேஸ்பாலில்தான் கொஞ்சம் சுமார் என்பது ரசிகர்கள் ரசித்துச் சொல்லும் தகவல்.

ஆனால் கால்பந்து வரவில் வாழ்ந்த மற்ற விளையாட்டுகளின் நிலை இப்போது நல்லதாக இல்லை. ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வேண்டிய நிலையில், கலிஃபோர்னியாவின் கால் பாலி 2025 மார்ச்சில் நீச்சல் அணியைக் கலைத்தது. அமெரிக்க ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கல்லூரி அணிகளில்தான் உருவாகிறார்கள். இன்னொரு பக்கம், டிவி பணத்துக்காகக் கல்லூரிகள் லீக் மாறின. 2024இல் லாஸ் ஏஞ்சலிஸின் இரு கல்லூரிகளும் மத்திய மேற்குப் பகுதியின் பிக் டென் லீகில் சேர்ந்தன, அவை விட்டுப்போன நூறாண்டுப் பழைய பசிஃபிக் லீகில் மிஞ்சியவை இரண்டு. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆண்டுதோறும் ஆடிவந்த ஆட்டம் 2023 சீசனோடு நின்றது. உண்மையான சேதம் இங்கேதான் என்பேன். பக்கத்து வீட்டுக்காரனோடு வருஷம் முழுக்க வாய்ச்சண்டை போட ஓர் ஆட்டம் வேண்டும். அது போனால், பையன் காசு வாங்கினானா இல்லையா என்பதா பெரிய விஷயம்? அந்தச் சண்டை எல்லை மீறுவதும் உண்டுதான். 2010 சீசனின் அலபாமா-ஆபர்ன் ஆட்டத்தில் அலபாமா தோற்றபின் ஒரு ரசிகர் ஆபர்னின் ஊர்முனை ஓக் மரங்களுக்கு விஷம் வைத்து, அதை வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னார். மரங்கள் பிழைக்கவில்லை.

மூன்று கல்லூரி மாறி ஆடுகிறவன் நாளைக்கு யாருடைய பழைய ஆட்டக்காரன் என்ற கவலையும் கேட்கிறது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் பட்டம் பெற்று லூயிசியானாவில் 2019 பட்டத்தை வென்றார். லூயிசியானாக்காரர்கள் அவரைப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜேலன் ஹர்ட்ஸை அலபாமாவும் ஓக்லஹோமாவும் சேர்ந்தே உரிமை கொண்டாடுகின்றன. நினைவு பங்குபோட்டால் குறைகிற சொத்தல்ல.

ரசிகர்களின் நினைவில் இன்னொரு இடம்தான் இருட்டாக இருக்கிறது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானமாகக் கிடைத்த முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். கல்லூரி அளவில் ஆடியவர்கள் 53 பேரில் 48 பேருக்கு, தலையில் தொடர்ந்து பட்ட அடியால் வரும் மூளைச் சிதைவு இருந்தது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்வதால், இதை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொதுவான விகிதமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்த 48 பேர் இருந்தார்கள். யார் பெரிய ஆள் என்ற விவாதத்தில் அவர்கள் பெயர் வருவதில்லை.

காசு வாங்கியதற்காகப் பழைய ஆட்டக்காரர்களைத் தண்டித்த வரலாறும் நீளமானது. கார்லைல் பள்ளிக்கு ஆடிய பழங்குடி வீரர் ஜிம் தார்ப் 1912 ஒலிம்பிக்கில் வென்ற இரு தங்கங்களை, முன்பு சில்லறைச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று 1913இல் பறித்தார்கள். அவர்தான் அப்போட்டிகளின் ஒரே முதலிடக்காரர் என்று ஒலிம்பிக் குழு முழுதாக ஒப்புக்கொண்டது 2022இல். அவர் இறந்தது 1953. ரெஜ்ஜி புஷ் 2005இல் வாங்கிய ஹைஸ்மனை, குடும்பம் பணம் பெற்ற விவகாரத்தால் 2010இல் விட்டுக்கொடுத்தார். 2024இல் அது அவரிடம் திரும்பி வந்தது.

கல்லூரிகள் ஆட்டக்காரர்களின் பெயரை விற்றுச் சம்பாதித்ததற்கு ஈடாக, ஹவுஸ் உடன்பாட்டில் சுமார் 280 கோடி டாலர் பழைய பாக்கி தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அது 2016 முதல் ஆடியவர்களுக்கு மட்டும். வாக்கர், டுப்ரீ, போ ஜாக்சன், புஷ் என்று ரசிகர்கள் இன்றும் வாய் ஓயாமல் பேசுகிறவர்களின் கல்லூரி நாட்களுக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது.